சாளை மீனுக்கு அழுதவள்

இங்கன யாரும் வாராவளா பிள்ள? நான் உக்காந்துக்கிடவா? நீ ஃபோன்ல தமிழ் பேசுனது படிக்கட்டுலயே காதுல விழுந்துட்டு. ரெண்டு வருசமா இந்த பஸ்ஸுல போயிட்டு வாரேன், ஒரு நாளு ஒரு தமிழ்ச் சத்தம் கேட்டதில்ல. எந்த ஊரு, சேலமா? சேலத்துல எனக்கு யாரையும் தெரியாது. இருக்கட்டும், இந்த ஸ்பெயின்ல இருந்து பாத்தா சேலமும் தூத்துக்குடியும் பக்கத்துப் பக்கத்து வீடுதான்.

பைய மேல வைக்க வேண்டாம் தாயி, மடியிலயே இருக்கட்டும். கனம் ஒண்ணுமில்ல. ரெண்டு சேல, ஒரு செபமால, அப்புறம் ஒரு கைலி. எம் பேரு பெர்பெத். ஏர்போட்டுக்குத்தான் போறேன். ஒம்பது மணிக்கு பிளேன். தங்கச்சி மவன் டிக்கெட் போட்டுக் குடுத்துட்டான். நீயும் ஏர்போட்டுக்கா? நல்லதாப் போச்சு, எனக்கு அங்க எந்த வாசல்னு காட்டிக் குடுத்துரு.

அன்னா, ஃபோன் அடிக்குது. அடிக்கட்டும். மருமவதான். இனேஸ்னு பேரு, இந்த ஊருக்காரி. எடுக்க மாட்டேன்.

இன்னைக்கு கார்மேல் மாதா திருநாளாச்சே, ஊரே உள்ள வருது, நீங்க வெளிய போறீயளேன்னு கேக்கியா? நீயும்தான் பாக்காம போற. பரீட்சையா? சரி, கவலப்படாத. நான் சொல்லுதேன் கேளு. இந்த ஊரு திருநாளு பூராத்தையும் பாத்தாச்சு. ஒண்ணு விடல. பாத்துப் பாத்துத்தான் இந்தக் கதிக்கு வந்து நிக்கேன்.

பெலிக்ஸ் எனக்கு ஒத்தப் புள்ள. கப்பல்ல சமையல் வேலைக்குப் போனவன். கப்பலு ரிப்பேராயி இந்த ஊர்த் துறைமுகத்துல ரெண்டு மாசம் கெடந்துருக்கு. ரொட்டிக் கடையில நின்ன பிள்ளையப் பாத்துட்டான். கப்பல் போயிட்டு, இவன் நின்னுட்டான். கலியாணத்துக்கு எனக்கு போட்டோதான் வந்துச்சு. அப்புறம் இங்க மீன்புடி போட்டுல ஏறிட்டான். கடக்கரையில பொறந்தவன் எங்க போனாலும் கடலத்தான் தேடுவான், வேற என்ன தெரியும் அவனுக்கு. பேத்தி அல்பாவுக்கு நாலு வயசாவையில, 'அம்மா, நீ அங்க தனியாக் கெடக்காத, வா'ன்னு கூப்புட்டான். வந்தேன். வந்து ஒண்ணேகால் வருசம் சந்தோசமா இருந்தேன், பொய் சொல்லக் கூடாது.

போன நவம்பரு பதினொண்ணாந் தேதி. கல்லறைத் திருநாளு முடிஞ்சு ஒம்பதாம் நாளு. விடியக்காலம் எந்திரிச்சான். வீட்டுல எந்நேரமும் கைலிதான் கெட்டுவான், பனி பெஞ்சாலும் கைலிதான். அதக் கழட்டி கதவுக்குப் பின்னால ஆணியில மாட்டிட்டு, பேண்ட்டு போட்டுக்கிட்டு, 'நண்டுக் கொழம்பு வையும்மா, ராச் சோத்துக்கு வந்துருவேன்'னான். கடலுக்குள்ள, வெளிப் பாறைக்கிட்ட அவன் போன போட்டு கவுந்துட்டு. அஞ்சு பேரு போனாவ. நாலு பேரு ஒடம்பக் கரைக்குக் கொண்டு வந்தாச்சு. பெலிக்ஸ் கெடைக்கல.

கெடைக்கலன்னா என்ன அர்த்தம்? நீயே சொல்லு, படிச்ச பிள்ள. கெடைக்கலன்னா இருக்கான்னு அர்த்தம். இதச் சொன்னா இந்த ஊர்ல என்னைய கோட்டிக்காரியப் பாக்க மாதிரிப் பாக்காவ. இவியளுக்கு என்ன தெரியும்? எங் கொழுந்தன், எங்க வீட்டுக்காரவியளுக்கு எளையவரு, அவரும் இப்படித்தான் காணாமப் போனாரு. முப்பதாம் நாளு பூசை வச்சு, ஊருக்குச் சோறு போட்டு, அவரு பொஞ்சாதி கழுத்துல கெடந்த தாலியக் கழட்டியாச்சு. அறுவத்திரெண்டாம் நாளு மனுசன் வந்து வாசல்ல நிக்காரு. இலங்கையில ஜெயில்ல கெடந்துருக்காரு. பொஞ்சாதி ஓடி வந்து கட்டிக்கிட்டா, ஆனா அன்னையில இருந்து சாவுற வரைக்கும் அவ அவரு மொகத்த நேராப் பாத்ததில்ல. உயிரோட இருக்கவன அழுது தீத்துட்டேனேன்னு அப்படி ஒரு கொற. அதக் கண்ணால கண்டவ நான்.

அதனால முத நாளே சொல்லிட்டேன். எனக்கு இவிய பாசை அரகொறதான், அல்பாவ விட்டு அவ ஆத்தாகிட்ட ஒவ்வொரு வார்த்தையாச் சொல்லச் சொன்னேன். இந்த வீட்டுல யாரும் அழக் கூடாது. கறுப்பு உடுத்தக் கூடாது. பூசை வைக்கக் கூடாது. அழுதா அவனுக்கு ஆவாது. இனேஸ் என்னையே பாத்துக்கிட்டு நின்னா. அப்புறம் தலைய ஆட்டிட்டு அடுப்படிக்குள்ள போயிட்டா.

அம்புட்டுதான் பிள்ள. அன்னையில இருந்து எட்டு மாசம், அவ கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி பாக்கல. கல்லு. ரொட்டிக் கடைக்குப் போறா, வாரா, பிள்ளைக்குத் தலை சீவுதா. நம்ம பக்கம்னா மாமியாளும் மருமவளும் எவ்வளவு பெரிய சண்டக்காரியளா இருந்தாலும், வீட்டுல ஒண்ணு ஆச்சுன்னா ஒருத்தி கழுத்த ஒருத்தி கட்டிக்கிட்டு அழுது தீத்துருவோம். அப்படித் தோள்ல விழுந்து அழாதவள மருமவன்னே சொல்ல மாட்டாவ. இவ எங்கிட்ட வரவே இல்ல. ஒரு நாளு, ஒரு நாளு வந்து எங் கழுத்தக் கட்டல. அந்தக் கொற எனக்கு மாறவே மாறாது.

இரு, திருநாளச் சொல்ல வந்தேன்.

சனவரியில மூணு ராசாக்கள் திருநாளு. நம்ம ஊர்ல அத யாரு கண்டுக்கிடுதா? இங்க அதுதான் பிள்ளைகளுக்குப் பெருசு. முத நாளு சாயங்காலம் மூணு ராசாவும் மீன்புடி போட்டுல வந்து எறங்குவாவ, பிள்ளைகளுக்கு மிட்டாய வாரி வாரி எறிவாவ. பிள்ளைக வீட்டுக்கு வந்து பால்கனியில ஷூவக் கழட்டி வச்சிட்டுப் படுக்கணும், விடிஞ்சு பாத்தா அதுல சாமான் இருக்கும். அல்பா என்ன செஞ்சா தெரியுமா? தன் ஷூவ வைக்கல. அவ அப்பனோட ரப்பர் பூட்ஸ், இம்புட்டு ஒசரம் இருக்கும், அதத் தூக்க மாட்டாமத் தூக்கிக் கொண்டு வச்சா. நான் சிரிச்சேன். 'பெரிய ஷூ வச்சா நெறையக் கெடைக்கும்னு பாக்கியா, களவாணி'ன்னேன். விடிஞ்சு பாத்தா பூட்ஸுல ரெண்டு ஆரஞ்சு, ஒரு பொம்ம. அல்பா கைய உள்ள விட்டு அடிமட்டும் தொழாவுதா. 'பாட்டி, ராசாக்களுக்கு அப்பாவக் கேட்டு எழுதிருந்தேனே'ங்கா.

இனேஸ் சுவத்துல சாஞ்சுக்கிட்டு நிக்கா. வாயத் திறக்கணுமே! பெத்தவ, ஒரு வார்த்த சொல்லித் தேத்தணுமா இல்லையா? நான்தான் பிள்ளைய மடியில வச்சு, 'அடுத்த திருநாளைக்கு வந்துருவான் கண்ணு'ன்னு சொன்னேன். அப்புறம் ஒவ்வொரு திருநாளைக்கும் பிள்ள கேப்பா, நான் அடுத்த திருநாளுன்னு சொல்லுவேன். ஒரு நம்பிக்கைய நான்தான் உண்டாக்குனேன் அந்த வீட்டுல.

அடுத்து, விபூதிப் புதன். இதக் கேட்டா நீ நம்ப மாட்ட. நம்ம ஊர்ல அன்னைக்கு நெத்தியில சாம்பலப் பூசிட்டு கஞ்சி குடிச்சுக்கிட்டுக் கெடப்போம், தவசு காலம் தொடங்குது. இவிய என்ன செய்யுதாவ? ஒரு சாளை மீனுக்குச் சாவு வீடு கொண்டாடுதாவ. சாளை மீன் தெரியுமாளா? சேலத்துக்காரிக்கு எங்க தெரியும், மத்தின்னு சொல்லுவாவளே, அதுதான். அட்டையிலயும் துணியிலயும் ஆளு ஒசரத்துக்கு ஒரு சாளையச் செஞ்சு, சவப்பெட்டியில வச்சு, தெருத்தெருவாத் தூக்கிக்கிட்டுப் போயி கடக்கரையில வச்சு எரிக்கணும். ஊரே அழுதுக்கிட்டுப் பின்னால போவும். மீசக்கார ஆம்பளையெல்லாம் கறுப்புப் பாவாட கெட்டி, முக்காடு போட்டு, மீனோட பொஞ்சாதியாம், விழுந்து பொரண்டு அழுதாவ. பொய்ச் சாமியாரு ஒருத்தன் வெளக்கமாத்தால தீர்த்தம் தெளிக்கான். எனக்குப் பதறிப் போச்சு. நாக்கு அழுவிரும் இவியளுக்குன்னு நெனச்சேன்.

நான் வர மாட்டேன்னுதான் சொன்னேன். இனேஸ்தான் விடல. எங்கயிருந்தோ ரெண்டு கறுப்பு முக்காடு கொண்டாந்தா, ஒண்ணத் தான் போட்டுக்கிட்டு, ஒண்ண எந் தலையில போட்டு ஊக்கு குத்துனா. கறுப்பு ஆவாதுன்னு கைய ஆட்டுனேன். 'இது மீனுக்கு, அம்மா'ன்னு அவ பாசையிலயே சொல்லுதா. சவப்பெட்டியக் காட்டி, 'இன்னைக்கு யோரா, அம்மா. மீனுக்கு'ங்கா. யோரான்னா இவிய பாசையில அழுன்னு அர்த்தம். எனக்குச் சிரிப்பா வந்துச்சு. புருசனக் காணாதவளுக்கு வெளையாட்டப் பாரேன்னு நெனச்சேன்.

போனேன். சும்மா வேடிக்க பாத்துக்கிட்டுதான் போனேன் பிள்ள. கடக்கரையில பெட்டிய எறக்குனாவ. மூடியத் தொறந்தாவ. வெள்ளி பேப்பரு ஒட்டுன பெரிய மீனு, கண்ணத் தொறந்துக்கிட்டு மல்லாக்கக் கெடக்கு. எனக்கு என்னவோ ஆயிட்டு. நானாப் போவல, காலு போவுது. பெட்டி மேல விழுந்தேன்.

'கொட்டுற மழையில கொடையில்லாமப் போனவனே
வட்டில்ல சோறு வச்சேன் ஆறிப் போச்சுதய்யா
நண்டு வாங்கி வச்சேனே நாறிப் போச்சுதய்யா
கண்டு சொல்ல ஒரு காக்கா இல்லையா'

எங்கயிருந்து வந்துச்சுன்னு எனக்கே தெரியல. எங்க அம்மைக்கு அழுத பெறவு நான் ஒப்பாரி வச்சதே இல்ல. நெஞ்சுல அடிக்கேன், தலைய விரிச்சுப் போட்டுட்டேன், பெட்டியப் புடிச்சு உலுக்குதேன். மொதல்ல எல்லாரும் கை தட்டுனாவ. அப்புறம் தட்டல. பொய்ச் சாமியாரு வெளக்கமாத்தக் கீழ போட்டுட்டான். மீசக்காரப் பொஞ்சாதிமாரு முக்காட்ட எடுத்துட்டுச் சும்மா நிக்காவ. எம் பாட்டுச் சத்தமும் அலச் சத்தமுந்தான். மீனுக்குத்தான் அழுதேன் பிள்ள. வேற யாருக்கும் இல்ல. மீனுக்கு அழுதா யாருக்கு என்ன கேடு?

தலைய நிமித்திப் பாக்கேன், இனேஸ் எனக்கு எதுத்தாப்புல, பெட்டிக்கு அந்தப் பக்கம் மணல்ல முட்டி போட்டு உக்காந்துருக்கா. முக்காட்ட மொகத்துல இழுத்து விட்டுக்கிட்டு, ரெண்டு கையாலயும் மூடிக்கிட்டு, ஒடம்பு கெடந்து குலுங்குது. சிரிக்கா! மாமியா அழுவுததப் பாத்துச் சிரிப்ப அடக்க முடியல மகராசிக்கு. அன்னைக்கு வெறுத்துட்டேன் அவள.

இன்னொரு கூத்தையுங் கேளு. சிறப்பா அழுதவளுக்குன்னு எனக்கு முதப் பரிசு குடுத்தாவ. ஒரு தகர மீனும் ஒரு செவப்புப் பட்டையும். கொண்டு வந்து குடுத்த பொம்பள கையப் புடிச்சுக்கிட்டு விடவே இல்ல, அவ கண்ணெல்லாம் கலங்கியிருக்கு. பரிசுக்கு எதுக்குக் கலங்கணும்னு எனக்கு வெளங்கல. அது டிவிக்கு மேல இருக்கு, எடுத்துட்டு வரல.

திருப்பியும் அடிக்குது பாரு. ஆறாவது தடவ. அடிச்சுட்டு ஓயட்டும்.

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரத்துல சப்பரம். தேவதாயாரு சப்பரத்த மீன்காரவிய தோள்ல தூக்குவாவ, நம்ம ஊரு மாதிரியேதான், ஆனா ராணுவம் போவுத மாதிரி எட்டு வச்சுப் போவாவ. பெலிக்ஸ் மூணாவது வரிசையில எடப்பக்கம் தூக்குவான். இந்த வருசம் பாக்கேன், அந்த எடத்துல ஆளே இல்ல. கம்பு வெறுமனே போவுது, அவனுக்கு முன்னால நிக்கவனும் பின்னால நிக்கவனும் அந்தப் பாரத்தையும் சேத்துச் சொமந்து நெளியுதான். எனக்குப் பொறுக்கல. நடுத் தெருவுல போயி நின்னு, 'ஆளு இல்லையா ஊர்ல, மாதா சரியுதாவ, ஒருத்தன நிறுத்துங்கடா'ன்னு தமிழ்லயே ஏசுனேன். தூக்குனவிய தலையக் குனிஞ்சுக்கிட்டே எட்டு வச்சுப் போறாவ. இனேஸ் வந்து என்னைய இழுத்துட்டுப் போயிட்டா. இவிய சோம்பேறித்தனத்தச் சொன்னா அவளுக்குப் பொத்துக்கிட்டு வருது.

அப்புறம் போன மாசம் அருளப்பர் திருநாளு. அன்னைக்கு ராத்திரி கடக்கரை நெடுவ தீ. வீட்டுல கெடக்க பழசையெல்லாம் கொண்டு போயி எரிக்கணும், அது வழக்கம். மத்தவிய ஒடஞ்ச நாக்காலி, பழைய நோட்டுன்னு கொண்டு வாராவ. இவ என்னத்தக் கொண்டு போனா தெரியுமா? கட்டில் மெத்தைய! அவனும் அவளும் படுத்த மெத்தைய. ஒத்தையாளா மாடிப்படியில உருட்டி, தெருவுல இழுத்துக்கிட்டுப் போறா, யாரும் கை குடுக்க வந்தா விட மாட்டேங்கா. எட்டு மாசமா அதுல படுக்கவும் இல்ல. சோபாவுல சுருண்டு கெடப்பா, டிவியச் சத்தமில்லாமப் போட்டுக்கிட்டு, கண்ண முழிச்சுக்கிட்டே கெடப்பா. நாளைக்கு எம் மவன் வந்தா எதுல படுப்பான்? அதக் கேட்டேன். 'நீ எரிச்சா அவன் வர மாட்டான்னு நெனச்சியா'ன்னு கேட்டேன். அல்பாகிட்ட சொல்லு, ஒங்க அம்மாகிட்ட இதக் கேளுன்னேன். அல்பா கேக்க மாட்டேன்னுட்டா. பிள்ளையும் இப்ப அப்பாவக் கேக்கது இல்ல. ஒரு திருநாளா ரெண்டு திருநாளா நிறுத்திட்டா. ஆத்தா பழக்கிட்டா.

இதெல்லாம்கூட போவட்டும். இன்னைக்குள்ள கததான் என்னைய வீட்ட விட்டு வெரட்டுச்சு.

கார்மேல் மாதாவ சாயங்காலம் ஆறு மணிக்கு போட்டுல ஏத்துவாவ. அத்தன போட்டும் கொடி கட்டிக்கிட்டுக் கூடப் போவும். வெளிப் பாறை தாண்டி ஒரு எடத்துல நிறுத்தி, கடல்ல போனவிய பேரச் சொல்லி ஒரு பெரிய பூ வளையத்தக் கடல்ல விடுவாவ. ஒவ்வொரு பேருக்கும் எல்லா போட்டும் ஒரு ஹாரன் அடிக்கும். சும்மா பேரு சொல்லிற முடியாது. அந்த வீட்டுலேருந்து ஒரு துணி கொண்டு வந்து வளையத்துல கெட்டணும். செத்தவன் கடைசியா உடுத்துன, தண்ணியில நனைக்காத துணி. துணி வந்தாத்தான் பேரு. துணி இல்லன்னா பேரு கெடையாது. அந்த நாலு பேருக்கும் துணி வந்துட்டு.

மீன்காரவிய சங்கத் தலைவரு போன வாரம் தொப்பியக் கையில வச்சுக்கிட்டு வீட்டுக்கு வந்தாரு. இனேஸ்கிட்ட கேட்டாரு. அவ என்ன சொன்னா? 'அம்மாவக் கேளுங்க. அம்மா சொன்னாத்தான்'னுட்டா. பாத்தியா சூட்டிகைய? பழிய எந் தலையில போட்டுட்டா. முடியாதுன்னு சொல்லிட்டேன். அந்த மனுசன் குனிஞ்சு, போட்டு கெளம்புத வரைக்கும் காத்துருக்கோம்னு சொல்லிட்டுப் போனாரு.

கைலி அந்த ஆணியிலயேதான் தொங்குச்சு பிள்ள. எட்டு மாசமா. ஒருத்தரும் துவைக்கல. அவன் ஒடம்பு வாடை, மீனு வாடை, அவன் போடுத பவுடரு வாடை எல்லாம் அப்படியே இருக்கு. இவ ரொட்டிக் கடைக்குப் போவையில தெனம் அதுல மூஞ்சிய வச்சுத் தொடைச்சுட்டுப் போவா. வீட்டுல டவலுக்கா பஞ்சம்? இன்னைக்கு மத்தியானம் பாக்கேன், அல்பாவுக்கு வெள்ளக் கவுன் தேய்ச்சுக்கிட்டு இருக்கா. தேய்ச்சுட்டு ஒரு தடவ கைலியப் பாக்கா, ஒரு தடவ என்னையப் பாக்கா. வாயத் திறந்து கேக்கல. ஆனா எனக்குப் பயம் வந்துட்டு. கடைசி நிமிசத்துல எடுத்துட்டுப் போயிருவா. கெட்டிருவாவ. ஹாரன் அடிச்சிருவாவ. ஹாரன் அடிச்சுட்டா முடிஞ்சு போச்சு. அது வரைக்கும் எம் மவன் இருக்கான், பெறவு இல்ல.

கோயிலுக்குப் பூ வைக்கப் போறேன்னு சொன்னேன். டிக்கெட் தலைவரு வந்துட்டுப் போன அன்னைக்கே போட்டு வச்சதுதான். கைலிய எடுத்துப் பையில வச்சுக்கிட்டு பஸ் ஏறிட்டேன். இப்ப என்ன செய்வாவ? துணி எங்கிட்டல்லா இருக்கு.

என்ன? என்னமோ கேட்ட.

அவ சிரிச்சாளான்னு எப்படித் தெரியும்னா?

எதுக்கு இதக் கேக்க? பாத்தேன்லா. ஒடம்பு குலுங்குச்சுன்னு சொன்னேன்லா. மொகத்த மூடிருந்தா... மொகம் தெரியல. சத்தமா? சத்தம் வரல. எம் பாட்டுச் சத்தத்துல எனக்கு என்ன கேக்கும். சிரிக்கத்தான் செஞ்சா. வீட்டுக்கு வந்து முக்காட்ட எடுக்கையில மூஞ்சி வீங்கிருந்துச்சு. தீப் பொகைன்னா. பொகையாத்தான் இருக்கும்.

அழாதன்னு யாரு சொன்னான்னு கேக்கியா.

நான்தான் சொன்னேன். நான் ஏன் இல்லன்னு சொல்லப் போறேன். அவன் உயிரோட இருக்கான், அதனால சொன்னேன்.

நீ வெளிய பாக்காத, என்னையப் பாரு. நான் சொல்லாம இருந்தா அழுதுருப்பான்னா சொல்லுத? நான் சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டுத்தான் எட்டு மாசம்... அப்படில்லாம் மருமவ எந்த ஊர்ல இருக்கா? வேத்து நாட்டுக்காரி, எஞ் சொல்ல எதுக்குக் கேக்கணும்? மாமியா சொல்லுக்கு எட்டு மாசம் கண்ணீர அடக்கிக்கிட்டு, சோபாவுல கெடந்து, கைலியில மூஞ்சிய...

இரு பிள்ள. செத்த இரு.

எனக்குக் கறுப்பு முக்காடு போட்டுவிட்டா. ஊக்கு குத்திவிட்டா. இன்னைக்கு அழலாம்னு சொன்னா. மீனுக்குன்னு சொன்னா. இல்லன்னா நான் வந்துருக்க மாட்டேன்னு அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. அய்யோ எங் கோட்டித்தனமே.

மணி என்ன? நாலா.

அடிக்குது. எடுக்கவா? நீயே அமுக்கிக் குடு. ஆங், இனேஸ். ம்ம். பஸ்ஸுல. ஏர்போட்டு பஸ்ஸுல. ம்ம். ம்ம்.

கதவப் பாத்தாளாம் பிள்ள. ஆணி மட்டும் இருக்காம். 'எடுத்துட்டுப் போ அம்மா, அது ஒன்னோடது, நீதான அவனப் பெத்த'ங்கா. தலைவருகிட்ட துணி இல்லன்னு சொல்லிக்கிடுதேங்கா. நான் பயந்து ஓட வேண்டாமாம். ஏர்போட்டுல குளிருமாம், சால்வ எடுத்தியாங்கா. ஒரு கோவம் இல்ல அந்தக் கொரல்ல. பெறவு தமிழ்ல கேக்கா, 'சாப்டியா அம்மா'ன்னு. அது ஒண்ணுதான் அவளுக்குத் தெரியும், அவன் சொல்லிக் குடுத்தது.

லைன்லதான் இருக்கா, வைக்கல. எங்கிட்ட இருந்து ஒரு வார்த்தைக்குக் காத்துக்கிட்டு இருக்கா. எட்டு மாசமா காத்துக்கிட்டு இருந்துருக்கா, நான்தான் பாக்கல.

இனேஸ். ஏ இனேஸ். யோரா. கேட்டியா, யோரா. நாந்தான் சொல்லுதேன். அழுளா. எம் மவளே, அழுளா.

கேக்குதா பிள்ள ஒனக்கு? ஃபோன ஒங் காதுலயும் வைக்கேன், கேளு. என்ன அழுக அழுவுதா பாரு. எப்படி வச்சிருந்தா இத உள்ள, எங்க வச்சிருந்தா. மாதாவே, ஒத்தையாளா நின்னு அழுவுதாளே, கழுத்தக் கட்ட ஒரு ஆளு இல்லாம. ஃபோன்ல அழுதாப் போதுமா? தோள்ல விழுந்துல்லா அழணும்.

அந்தச் செவப்புப் பட்டன அமுக்கு பிள்ள. நான் எறங்கணும். எங்கன நிறுத்துனாலும் சரி, எதுத்த ரோட்டுல ஏதாவது வண்டி வரும். போட்டு கெளம்பதுக்கு முந்தி, அஞ்சரைக்குள்ள போயிரலாமா? போயிருவேன். ஓடியாவது போயிருவேன். பையப் புடி, எந்திரிச்சிக்கிடுதேன். கைலி உள்ள இருக்குல்லா? இருக்கு, வாடை வருது.

நீ பத்திரமாப் போ தாயி. ஒங்க அம்மைகிட்டப் பேசு. எனக்காக ஒரு அருள்நிறை செபம் சொல்லு. எம் மவன் செத்துப் போனான் பிள்ள. நவம்பருலயே செத்துப் போனான். நானும் எம் மருமவளும் இன்னைக்குத்தான் அழப் போறோம்.